மொட்டைக் கடிதங்களின் கல்லூரி

துப்பறியும் நாவல்களைத் திண்ணையோடு நிறுத்திவிட்டு இலக்கியத்தை மட்டும் வீட்டுக்குள் அழைத்துச் செல்லும் வழக்கம் நம் வாசகர்களிடையே நெடுநாளாக உண்டு. அந்த வழக்கத்தோடு நமக்குப் பெரிய பிணக்கு ஒன்றும் இல்லை. வருகிறவர்களில் பலர் திண்ணைக்கே உரியவர்கள்தாம். ஆனால் எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் நம்மைத் தடுமாற வைக்கும் விருந்தாளி எப்போதாவது ஒருவர் வந்துவிடுகிறார். டோரதி சேயர்ஸ் 1935-இல் வெளியிட்ட 'காடி நைட்' என்ற ஆங்கில நாவல் அப்படி ஒன்று. ஏறத்தாழ ஐந்நூறு பக்கம். ஒரு கொலைகூடக் கிடையாது. இருந்தும், கடைசி நூறு பக்கங்களை இரவில் வாசிக்கிறவர் எழுந்து போய்க் கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தால் வியப்பில்லை.

'காடி' என்பது ஆக்ஸ்போர்டில் பழைய மாணவர்கள் ஒன்றுகூடும் கல்லூரி விருந்துக்குப் பெயர். ஷ்ரூஸ்பரி என்ற பெண்கள் கல்லூரியில் நடக்கும் அத்தகைய விருந்து ஒன்றுக்கு, பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஹாரியட் வேன் தயங்கித் தயங்கி வருகிறாள். அவள் துப்பறியும் நாவல்கள் எழுதிப் பிழைப்பவள். மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த காதலனை நஞ்சிட்டுக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, பீட்டர் விம்சி பிரபு என்ற துப்பறிவாளரின் முயற்சியால் விடுதலையானவள். (அந்தக் கதை 1930-இல் வந்த 'ஸ்ட்ராங் பாய்ஸன்' நாவலில் இருக்கிறது; முடிந்தால் அதை முதலில் வாசித்துவிடுவது நல்லது.) விருந்தன்று முற்றத்தில் ஆபாசப் படம் ஒன்று அவள் கண்ணில் படுகிறது. அவளுடைய அங்கியின் கைப்பகுதியில் அவளைக் கொலைகாரி என்று சொல்லும் ஒரு மொட்டைக் கடிதம் இருக்கிறது. தன் பழங்கதையைக் குத்திக்காட்டும் யாரோ ஒருவரின் வேலை என்று எண்ணி அவள் ஊர் திரும்புகிறாள். சில மாதங்கள் கழித்துக் கல்லூரியிலிருந்து அழைப்பு வருகிறது. கடிதம் அவளுக்கு மட்டும் வந்ததன்று.

கல்லூரி முழுவதும் கடிதங்கள் பெருகியிருக்கின்றன. மிஸ் லிட்கேட் என்ற பேராசிரியை பல்லாண்டு உழைத்து எழுதிய ஆங்கில யாப்பியல் நூலின் மெய்ப்புகள் சிதைக்கப்படுகின்றன. புதிய நூலகம் திறக்கப்படும் வேளையில் அதன் உட்புறம் அலங்கோலமாக்கப்படுகிறது. விருந்தினர் வருமுன் ஆசிரியைகள் தாங்களே முன்னின்று சீராக்குகிறார்கள். வழிபாட்டுக்கூடத்தில் பெண்ணுருவப் பொம்மை ஒன்று தொங்குகிறது. அதன் மேல் கத்தியால் குத்திவைத்த காகிதத்தில், கழுகுடல் கொண்ட பெண் பேய்களைப் பற்றி வர்ஜில் எழுதிய இலத்தீன் வரிகள். கடிதங்களால் நொந்துபோன மாணவி ஒருத்தி ஆற்றில் மூழ்கி உயிர்விட முனைகிறாள். இத்தனைக்குப் பிறகும் கல்லூரித் தலைவி காவல்துறையை அழைக்கவில்லை. ரகசியமாக ஒரு நாவலாசிரியையை அழைக்கிறாள்.

ஏன்? துப்பறியும் நாவல்களில் காவல்துறையை ஒதுக்கிவைப்பதற்குப் பெரும்பாலும் ஆசிரியரின் வசதியே காரணமாக இருக்கும். தீவு, புயல், அறுந்த தொலைபேசிக் கம்பி என்று ஏதாவது ஒன்று வந்து உதவும். இங்கே அப்படி எதுவும் இல்லை. ஆக்ஸ்போர்டு நகரின் நடுவே, காவல் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு கல்லூரி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நடுங்குகிறது. செய்தி வெளியே போனால் என்ன ஆகும் என்று அங்குள்ள ஒவ்வொருத்திக்கும் தெரியும். அந்த அச்சத்தைச் சேயர்ஸ் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. அதற்கு அரை நூற்றாண்டு வரலாறு இருந்தது; நாவலின் மர்மம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது என்பது நம் எண்ணம்.

ஆக்ஸ்போர்டின் முதல் இரண்டு பெண்கள் விடுதிக் கல்லூரிகளான லேடி மார்கரெட் ஹாலும் சாமர்வில்லும் 1879-இல் தொடங்கின. 1884-இலிருந்து சில பாடங்களில் ஆண்களுக்குரிய தேர்வுகளைப் பெண்களும் எழுதலாம் என்றாயிற்று. எழுதலாம், தேறலாம், முதல் வகுப்பும் பெறலாம். பட்டம் மட்டும் கிடையாது. இலண்டன் பல்கலைக்கழகம் 1878-இலேயே பெண்களுக்குப் பட்டத்தின் கதவைத் திறந்துவிட்டது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் காதம்பினி கங்குலியும் சந்திரமுகி பாசுவும் 1883-இல் பட்டதாரிகள் ஆகிவிட்டார்கள். ஆக்ஸ்போர்டு அசையவில்லை. சாமர்வில்லில் பயின்ற கொர்னேலியா சொராப்ஜி 1892-இல் அங்கே சட்ட உயர்பட்டத் தேர்வு எழுதித் தேறினார். அந்தத் தேர்வை எழுதிய முதல் பெண் அவர்தான். பட்டத்தை அவர் கையில் வாங்கியது 1922-இல். முப்பது ஆண்டுகள்!

இடையில் வேடிக்கையான ஒரு கிளைக்கதையும் உண்டு. டப்ளின் டிரினிட்டி கல்லூரி 1904 முதல் 1907 வரை, ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் தேறிய பெண்களுக்குத் தன் பட்டத்தை வழங்க முன்வந்தது. பெண்கள் நீராவிக் கப்பலேறி அயர்லாந்துக்குப் போய்ப் பட்டம் வாங்கித் திரும்பினார்கள். நீராவிக் கப்பல் சீமாட்டிகள் என்றே அவர்களுக்குப் பெயர் வந்துவிட்டது.

கேம்பிரிட்ஜில் நிலைமை இன்னும் மோசம். பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று 1897-இல் வாக்கெடுப்பு நடந்தபோது, மிதிவண்டியில் அமர்ந்த பெண் பொம்மை ஒன்றைச் செனட் மண்டபத்துக்கு எதிரே உயரத்தில் தொங்கவிட்டு மாணவர்கள் ஆர்ப்பரித்தார்கள். ஆதரவு 661 வாக்கு, எதிர்ப்பு 1707 வாக்கு. வெற்றிக் களிப்பில் அந்தப் பொம்மையைப் பிய்த்தெறிந்தார்கள். 1921-இல் மறுபடியும் தோல்வி. இம்முறை ஆண் மாணவர்கள் கைவண்டி ஒன்றை மோதி நியூன்ஹாம் பெண்கள் கல்லூரியின் வெண்கல வாயிற்கதவைச் சிதைத்தார்கள். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் 1948-இல்தான் கிடைத்தது. நாவலின் வழிபாட்டுக்கூடத்தில் தொங்கும் பொம்மையைப் படிக்கும்போது அந்த 1897-ஆம் ஆண்டுப் பொம்மை நம் நினைவில் எழாமல் இருப்பதில்லை. சேயர்ஸ் அதை மனத்தில் கொண்டுதான் எழுதினார் என்று நாம் சொல்ல வரவில்லை. 1935-இல் இந்த நாவலைக் கையில் எடுத்த பட்டதாரிப் பெண்ணுக்கு அது தானாக நினைவில் வந்திருக்கும் என்பதே நாம் சொல்வது.

சேயர்ஸ் 1912-இல் உதவித்தொகை பெற்றுச் சாமர்வில்லில் சேர்ந்தார். 1915-இல் நவீன மொழிகளில் முதல் வகுப்பில் தேறினார். அப்போது கல்லூரிக்குத் தலைவி எமிலி பென்ரோஸ். பட்டம் என்றேனும் ஒருநாள் வரும், வரும்போது தம் மாணவிகள் ஒரு தேர்விலும் குறையின்றித் தகுதியோடு நிற்க வேண்டும் என்று, கிடைக்காத பட்டத்துக்குரிய நிபந்தனைகள் எல்லாவற்றையும் மாணவிகள் நிறைவேற்ற வேண்டுமெனக் கண்டிப்பாக இருந்தவர் அவர். முதல் உலகப் போரின்போது சாமர்வில் கட்டடங்கள் இராணுவ மருத்துவமனையாயின. மாணவிகளுக்கு ஓரியல் என்ற ஆண்கள் கல்லூரியின் ஒரு பகுதியில் இடம் தரப்பட்டது. இடையே ஒரு சுவர். போர் முடிந்து ஆண்கள் திரும்பியபின், 1919 ஜூன் மாதத்தில் ஓர் இரவு, ஓரியல் மாணவர்கள் சிலர் குடிபோதையில் கடப்பாரை கொண்டு அந்தச் சுவரில் ஓட்டை போட்டார்கள். மிஸ் பென்ரோஸும் ஆசிரியைகளும் அன்றிரவு முழுவதும் அந்த ஓட்டையைக் காவல் காத்தார்கள். நாவலில், இருண்ட தாழ்வாரங்களில் கைவிளக்கோடு ரோந்து போகும் ஆசிரியைகளை நாம் பார்க்கிறோம். அவர்களுக்கு முன்னோடிகள் அந்தச் சுவரருகே விழித்திருந்தவர்கள்.

ஆக்ஸ்போர்டு 1920-இல் இணங்கியது. அந்த ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் பட்டம் பெற்ற முதல் பெண்களின் வரிசையில் சேயர்ஸும் இருந்தார். ஆனால் கதை அங்கே சுபமாக முடிந்துவிடவில்லை என்பதுதான் நம் நாவலுக்கு முக்கியம். பெண்கள் பெருகிவிட்டார்கள், பல்கலைக்கழகத்தின் தன்மை கெட்டுவிடும் என்ற கூச்சல் எழுந்து, 1927-இல் பெண் மாணவர்களின் தொகைக்குச் சட்டப்படி உச்சவரம்பு விதிக்கப்பட்டது. மொத்தம் 840 பேர். அந்த வரம்பு 1957 வரை நீடித்தது. ஆக, சேயர்ஸ் இந்த நாவலை எழுதும்போது, பட்டம் கிடைத்துப் பதினைந்து ஆண்டுகளும் வரம்பு விழுந்து எட்டு ஆண்டுகளுமே ஆகியிருந்தன. கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பது எல்லோரும் கண்கூடாகக் கண்ட செய்தி. கடலுக்கு அப்பால் ஜெர்மனியில், புதிதாகச் சேரும் பல்கலைக்கழக மாணவர்களில் பெண்கள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று நாஜி அரசு 1933-இன் இறுதியில் ஆணையிட்டிருந்தது. இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர்தான் தேவை என்று ஷ்ரூஸ்பரி கல்லூரியின் வாசலில் பேசிக்கொள்கிறார்கள். சிரிப்புக்காக வைத்த வரிதான். நாம் வாசிக்கும் காலத்தில் அது சிரிப்பாக இல்லை.

இந்தப் பின்னணியில் மொட்டைக் கடிதம் என்பதன் பொருளே மாறிவிடுகிறது. படித்த, மணமாகாத பெண்கள் ஒரே கூரையின் கீழ் அடைந்து கிடந்தால் புத்தி பேதலித்துவிடும் என்பது பெண் கல்விக்கு எதிரிகள் ஓயாமல் சொல்லிவந்த வாதம். ஃபிராய்டைப் பற்றிய அரைகுறைக் கேள்விஞானமும் அப்போது அந்த வாதத்தோடு சேர்ந்துகொண்டது. ஒரு பெண்கள் கல்லூரியில் ஆபாசக் கடிதங்கள் எழுதுகிறவள் இருக்கிறாள் என்று செய்தித்தாளில் வந்தால், அந்த வாதம் நிரூபிக்கப்பட்டதாகிவிடும். ஆசிரியைகள் அஞ்சுவது கடிதம் எழுதுகிறவளை மட்டுமன்று, அவள் தங்களில் ஒருத்தியாக இருந்துவிடுவாளோ என்பதையும்தான். உணவு மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பவளை ஒருத்தி ஓரக்கண்ணால் பார்க்கிறாள். ஆண்கள்மேல் கசப்பு கொண்ட மிஸ் ஹில்யார்டை நாமும் அப்படித்தான் பார்க்கிறோம். புதிதாக வந்த, உணர்ச்சியைக் காட்டாத மிஸ் டி வைனையும் பார்க்கிறோம். இலத்தீன் தெரிந்தவள்தானே வர்ஜிலை எழுத முடியும்? சேயர்ஸ் மிக நேர்மையாகத் தடயங்களை நம் முன் பரப்பிவைத்துவிட்டு, நம்முடைய முன்முடிவு அவற்றை மறைத்துக்கொள்வதை வேடிக்கை பார்க்கிறார்.

இதற்கு மேல் முடிவைச் சொல்லாமல் எழுத முடியாது. நாவலை இனிமேல் வாசிக்க எண்ணியிருப்பவர்கள் இங்கே நிறுத்திக்கொண்டு, வாசித்துவிட்டு வரலாம்.

குற்றவாளி ஆனி வில்சன் என்ற பணிப்பெண். ஆசிரியைகளுக்குத் தேநீர் கொண்டுவந்து வைக்கிறவள், கைம்பெண், இரண்டு பெண் குழந்தைகளின் தாய். அவளுடைய கணவன் ஆர்தர் ராபின்சன் ஒரு வரலாற்று ஆய்வாளன். தன் ஆய்வேட்டின் வாதத்தையே உடைக்கும் ஆவணம் ஒன்று கிடைத்தபோது, அதை மறைத்துவிட்டு ஆய்வேட்டை முடித்தவன். மிஸ் டி வைன் அதைக் கண்டுபிடித்து வெளிப்படுத்தினாள். அவன் பட்டத்தையும் பிழைப்பையும் இழந்தான். சீரழிந்து, துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தான். இலத்தீன் வரிகள் அவன் விட்டுச்சென்ற கடிதத்திலிருந்து வந்தவை. கன்னிமையின் புழுக்கத்தால் பைத்தியமானவள் எவளும் அந்தக் கல்லூரியில் இல்லை. கணவன் மேல் கொண்ட அளவற்ற பற்றுதான் அத்தனை நஞ்சையும் கக்கியது. எதிரிகளின் வாதம் அப்படியே தலைகீழாக நிற்கிறது.

நாவலின் உயிர்நிலை இந்த ராபின்சன் வழக்குதான் என்று நாம் கருதுகிறோம். பீட்டர் விம்சி பிரபு வந்தபின், ஆசிரியைகளின் கூடத்தில் ஒரு நீண்ட விவாதம் நடக்கிறது. ஓர் உண்மைக்காக ஒரு மனிதனின் வாழ்வை அழிக்கலாமா? அவனுக்கு மனைவியும் குழந்தைகளும் இருந்தால்? அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த சி. பி. ஸ்னோவின் 'தி சர்ச்' நாவலைக்கூட இழுத்து வைத்துப் பேசுகிறார்கள். அதிலும் ஒரு பிழையான அறிவியல் கட்டுரையைக் கண்டும் காணாமல் விடுவது பற்றிய சிக்கல் வருகிறது. கேள்வி கேட்கும் விம்சி ஏற்கெனவே பாதி உண்மையை அறிந்திருக்கிறார். தேநீர்க் கோப்பைகளோடு ஆனி வந்து போகிற இடம் அது. முதல் வாசிப்பில் அது அறிவாளிகளின் மாலைநேரப் பேச்சு. இரண்டாம் வாசிப்பில் நம் உள்ளங்கை வேர்க்கிறது.

இங்கே ஒரு தொடர்பைச் சுட்ட வேண்டும். சேயர்ஸும் அவருடைய தோழர்களும் 1930-இல் இலண்டனில் 'டிடெக்‌ஷன் கிளப்' என்ற எழுத்தாளர் சங்கத்தை அமைத்தார்கள். செஸ்டர்டன் அதன் முதல் தலைவர். முக்கியமான தடயம் எதையும் வாசகரிடமிருந்து மறைக்க மாட்டேன் என்று அதில் சேருகிறவர் உறுதிமொழி எடுக்க வேண்டும். விளையாட்டும் சடங்கும் கலந்த உறுதிமொழிதான். ஆனால் ஆர்தர் ராபின்சன் பட்டத்தை இழந்தது எதனால்? தடயத்தை மறைத்ததால். ஆய்வாளருக்கு விதித்த அறமும் துப்பறியும் கதாசிரியருக்கு விதித்த அறமும் ஒன்றே என்று சேயர்ஸ் எண்ணியிருக்க வேண்டும். மலிவான கதைகள் எழுதிப் பிழைக்கிறோமே என்று கூசிக்கொண்டு கல்லூரிக்கு வரும் ஹாரியட், தன் தொழிலிலும் அந்த நேர்மை வேண்டும் என்று கண்டுகொண்டு தான் எழுதிவரும் நாவலை மாற்றி அமைக்க முற்படுகிறாள். விளம்பர நிறுவனத்தில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்துக்கொண்டே துப்பறியும் கதை எழுதிய சேயர்ஸின் குரல் அங்கே கேட்கிறது. 1934-இல் சாமர்வில் விருந்தொன்றில் பல்கலைக்கழகத்துக்கு வாழ்த்துரைக்க அவர் அழைக்கப்பட்டார். இந்த நாவல் எப்படி உருக்கொண்டது என்பதைப் பற்றிப் பின்னர் ஒரு கட்டுரையும் எழுதினார்.

குறைகளும் உண்டு. விம்சி பிரபு அளவுக்கு மீறிய நிறைவு கொண்டவர். இசை, கவிதை, மல்யுத்தம், அரசதந்திரம், அழகான கைகள் எல்லாமே அவரிடம் உண்டு. படகுத்துறைப் பகுதிகளில் சேயர்ஸ் தம் நாயகனைக் காதலிப்பது ஹாரியட்டைவிட அதிகம் என்று தோன்றுகிறது. கியூ. டி. லீவிஸ் 1937-இல் 'ஸ்க்ரூட்டினி' இதழில் இந்த நாவலை வெளுத்து வாங்கினார். பல்கலைக்கழகத்தை இப்படிப் புனிதத்தலமாகக் காட்டுவது வெறும் பொய் என்பது அவர் வாதத்தின் சாரம். கேம்பிரிட்ஜில் வாழ்நாளெல்லாம் கற்பித்தும் எழுதியும் நிரந்தரப் பதவி பெறாத ஒரு பெண் அப்படி எழுதியதில் நமக்கு வியப்பில்லை. அவர் சொன்னதில் உண்மையும் இருக்கிறது. ஆயினும் தூரத்திலிருந்து ஏங்குகிறவர் வரைந்த சித்திரம் என்பதாலேயே அதில் ஒரு வலி தேங்கி நிற்கிறது. சேயர்ஸுக்கு 1924-இல் மணவுறவுக்கு வெளியே ஒரு மகன் பிறந்தான். உறவினர் ஒருவரிடம் அவன் வளர்ந்தான். அவர் 1957-இல் இறக்கும்வரை உலகுக்கு அது தெரியாது. அறிவுக்கும் இதயத்துக்கும் இடையே ஒன்றைத் தேர வேண்டுமா என்று ஹாரியட் கேட்டுக்கொண்டே இருப்பதை, இது தெரிந்தபின் நாம் வேறு விதமாக வாசிக்கிறோம்.

விம்சியின் மணவேண்டுகோளை ஐந்து ஆண்டுகள் மறுத்தவள் கடைசிப் பக்கத்தில் இணங்குகிறாள். அவர் கேட்பது இலத்தீனில், பல்கலைக்கழகச் சபையில் ஒப்புதல் கேட்கும் சொல்லால்; அவளை அழைப்பது பட்டம் பெற்ற சமமானவராக. கேம்பிரிட்ஜில் 1897-இல் 1707 பேர் எதிராகப் பயன்படுத்தியதும் அதே சொல்லைத்தான். இதை மிகையான காதல் காட்சி என்பவர்களோடு நாம் வாதாடப் போவதில்லை. அந்தச் சொல்லை ஒரு பெண்ணை நோக்கிச் சொல்ல முடிந்ததற்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

நம்மை உறுத்துவது ஆனியின் கடைசிக் காட்சிதான். பிடிபட்டபின், ஆசிரியைகள் அனைவர் முன்னும் அவள் வெடிக்கிறாள். ஆண்களின் வேலையைப் பறித்துக்கொண்டு, வீடு என்றால் என்ன, கணவன் என்றால் என்ன என்று அறியாமல் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் என்று தூற்றுகிறாள். சேயர்ஸ் அவளைக் குரூரமானவளாகத்தான் காட்டுகிறார். பேச்சை மட்டும் வெட்டவில்லை. அறிவுலகின் விடுதலையை அனுபவிக்கும் பெண்களுக்குத் தரை கூட்டுகிறவளும் ஒரு பெண் என்பது நாவல் முழுவதும் கண்ணெதிரே இருந்தும், அவர்களும் நாமும் அவளைப் பார்க்காமல் கடந்துகொண்டிருந்தோம். பிறகு அவளை என்ன செய்தார்கள்? மருத்துவர்களிடம் ஒப்படைத்தார்கள் என்று போகிறபோக்கில் ஒரு செய்தி வருகிறது. கல்லூரியின் பெயர் காப்பாற்றப்பட்டுவிட்டது.

நாவலின் நடுவே ஓரிடத்தில் ஆனியின் மகள்களில் ஒருத்தியை ஹாரியட் சந்திக்கிறாள். பெரியவளானதும் என்ன செய்யப்போகிறாய் என்ற கேள்விக்கு, மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டும், ஒரு கராஜ் வைக்க வேண்டும் என்கிறாள் அந்தச் சிறுமி. அப்படியெல்லாம் பேசக் கூடாது என்று தாய் கடிந்துகொள்கிறாள். அந்தச் சிறுமி பின்னர் என்ன ஆனாள் என்று நாவல் சொல்லவில்லை.